நோயோடு கடலேறிய தளபதி: கோட்டைக்குள் ஒரு வழிகாட்டு நடை

சென்னையில் வரலாற்று நடைகளுக்கு இப்போது பஞ்சமில்லை. மயிலாப்பூர் மாடவீதிகள் முதல் ராயபுரம் ரயில் நிலையம் வரை, வார இறுதிக் காலைகளில் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக ஒரு கூட்டம் யாரோ ஒருவரின் பின்னால் போய்க்கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை கட்டடத்தைக் காட்டி, கட்டிய ஆண்டைச் சொல்லி, அடுத்த கட்டடத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு சிறு தனியார் குழு சனிக்கிழமை காலைகளில் நடத்தும் நடை வேறு வகையானது. இளம் பருவத்தில் சென்னைக்கு வந்துபோன ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹொரேஷியோ நெல்சனின் வாழ்க்கையை, அவர் வென்ற போர்களை வைத்துச் சொல்லாமல் அவரைப் பிடித்த நோய்களையும் அவர் பட்ட காயங்களையும் வைத்துச் சொல்கிறது. கட்டணம் ஆளுக்கு 750 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி நாள்களில் நடக்கிறது. நான் சென்றது தமிழ் நடை. கொடுத்த பணத்துக்கு நிறைவான காலைதான் என்றாலும், கையேடும் கருவியும் வழிகாட்டியின் தரத்துக்கு அருகில்கூட வரவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கோட்டை ரயில் நிலையத்தின் வெளிப்புறத்தில் கூடச் சொல்கிறார்கள். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உள்ளே இயங்குவதால், நுழைவாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள், பைகளைச் சோதிப்பார்கள், சில பகுதிகளில் படம் எடுக்க விடமாட்டார்கள். இவற்றையெல்லாம் முந்தைய நாளே தொலைபேசிச் செய்தியில் தெளிவாக அனுப்பிவிடுகிறார்கள். பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்ற விதியையும் உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள். வழிகாட்டி, மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. நோயாளியின் வரலாற்றைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர் என்பது அவர் கதை சொல்லும் ஒழுங்கிலேயே தெரிந்தது. எந்த வயதில், எந்த ஊரில், என்ன அறிகுறி, யார் பார்த்தார்கள், எத்தனை நாளில் எழுந்தார் என்ற வரிசை ஓரிடத்திலும் பிசகவில்லை.

கடற்புறத்தை நோக்கி நின்றுதான் முதல் பகுதி தொடங்குகிறது. இன்று கோட்டைக்கும் அலைகளுக்கும் நடுவே சாலையும் துறைமுகமும் இருக்கின்றன. நெல்சனின் காலத்தில் கடல் கோட்டைச் சுவருக்கு வெகு அருகில் இருந்தது, துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெளியே திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மனிதர்களும் சரக்கும் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வருவது மசூலாப் படகுகளில். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சேர்த்த அந்தப் படகுகள், அலை தூக்கி அடித்தாலும் உடைந்து போகாமல் வளைந்து கொடுப்பவை. கவிழ்ந்தால் காப்பாற்றக் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். இதையெல்லாம் சென்னைக்காரர் பலரும் எங்கோ கேட்டிருப்பார்கள். ஆனால் காய்ச்சலில் நினைவு தப்பிய ஒரு மாலுமியை அந்தப் படகில் படுக்க வைத்து, மூன்று அலைவரிசைகளைக் கடத்தி, நனைந்த உடலோடு மணலில் இறக்குவது எப்படியிருந்திருக்கும் என்று வழிகாட்டி கேட்டபோது, அதுவரை படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களும் கைபேசியை இறக்கினார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே கப்பற்படை இந்தக் கரையை விட்டு விலகிவிடும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். 1746ஆம் ஆண்டு கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே, அதே ஆண்டு அக்டோபரில் வீசிய புயலில் தம் கப்பல்கள் பலவற்றை இழந்தார். பிற்காலத்தில் பாஸ்டில் சிறையில் வாடி, குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டும், உடல் நொந்து 1753இல் இறந்தார். அவரைப் பற்றி இரண்டே வரிகள்தான் சொன்னார். அவர் பெயரில் தனி நடையே வைக்கலாம்.

நெல்சன் பயணம் செய்த ‘சீஹார்ஸ்’ கப்பல் 1774 மே 25 அன்று மதராஸ் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்குப் பதினைந்து வயது. ஒன்பது வயதில் தாயை இழந்து, பன்னிரண்டு வயதில் தாய்மாமன் மாரிஸ் சக்ளிங்கின் கப்பலில் ஏறிய பையன். ‘இத்தனை பேர் இருக்க, இந்த நோஞ்சான் பிள்ளையையா கடலில் கஷ்டப்பட அனுப்புகிறீர்கள்’ என்ற பொருளில் அந்த மாமனே எழுதியது பலரும் அறிந்த செய்தி. மதராஸ் வருவதற்கு முந்தைய ஆண்டு வடதுருவக் கடலுக்குப் போய் வந்திருந்தவர், அடுத்து வெயில் கொளுத்தும் நம் கரைக்கு வந்தார். 1775இன் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பெனியின் பணத்தை ஏற்றிக்கொண்டு பம்பாய் நோக்கிச் சென்றபோது, பிப்ரவரி 19 அன்று ஐதர் அலியின் இரு சிறு கப்பல்கள் சீஹார்ஸைத் தாக்கின. சிறிது நேரப் பீரங்கிச் சண்டைக்குப் பின் அவை விரட்டப்பட்டன. பிற்காலத்தில் நைல் நதி முகத்திலும் டிரஃபால்கரிலும் பேர் பெற்ற மனிதர் தம் வாழ்வில் கண்ட முதல் சண்டை அதுதான். பள்ளிப் பாடப்புத்தகங்களில் ஐதர் அலியின் பெயர் நெல்சனின் பெயரோடு சேர்ந்து வந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த ஒரு செய்திக்காகவே குழுவில் இருந்த ஒரு வரலாற்று ஆசிரியர் குறிப்பேட்டை எடுத்தார்.

1776இன் தொடக்கத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா என்று இன்று கருதப்படுகிறது. மார்ச் 14 அன்று சீஹார்ஸிலிருந்து விடுவிக்கப்பட்டு, ‘டால்ஃபின்’ என்ற கப்பலில் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ ஆறு மாதப் பயணம். செப்டம்பரில் இங்கிலாந்து சேரும்போது ஓரளவு தேறியிருந்தார். இந்த இடத்தில் வழிகாட்டி மருத்துவராகப் பேசிய பத்து நிமிடங்கள்தாம் நடையின் மிகச் சிறந்த பகுதி. முறைக்காய்ச்சல் ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைக்கும் நேரத்தில் ஏன் குளிர் நடுக்கம் எடுக்கிறது, மண்ணீரல் ஏன் வீங்குகிறது என்பதையெல்லாம் சொல் கடினமில்லாமல் விளக்கினார். கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்கால மருத்துவர்கள் நம்பினார்கள். ஆனாலும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனா மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே மரத்தை அடுத்த நூற்றாண்டில் நீலகிரியில் நட்டு, நடுவட்டத்தில் மலேரியா மருந்தான கொய்னா தயாரித்ததையும், கொசுவின் பங்கை 1897இல் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் தம் பணியின் தொடக்கக் காலத்தில் மதராஸ் மாகாணத்தில் இருந்தவர் என்பதையும் தொட்டுக் காட்டினார். கதை நெல்சனை விட்டு எங்கோ போகிறதே என்று தோன்றும் நேரத்தில் சரியாக அவரிடமே திரும்பி வந்தார்.

திரும்பி வந்த இடமும் முக்கியமானது. நோயாளியாக ஊர் திரும்பிய பதினேழு வயதுப் பையன், தன் தொழில் முடிந்தது என்று மனம் உடைந்திருந்ததையும், அந்தச் சோர்வின் நடுவே திடீரென ஒளி தோன்றியது போல் உணர்ந்து ‘நான் வீரனாகியே தீருவேன்’ என்று உறுதி பூண்டதையும் நெல்சனே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வாழ்க்கை வரலாறுகள் அந்த ஒளியோடு நின்றுவிடும். நம் வழிகாட்டியோ, ஒளியைவிட மாமன் பெரிது என்றார். நெல்சன் கடலில் இருந்த காலத்தில், 1775இல், சக்ளிங் கடற்படை நிர்வாகத்தின் மிக உயர்ந்த பதவிகளுள் ஒன்றில் அமர்ந்துவிட்டார். கரை இறங்கிய மருமகனுக்கு உடனே ஒரு கப்பலில் தற்காலிக லெப்டினன்ட் பணி கிடைத்தது; 1777 ஏப்ரலில் தேர்விலும் தேறினார். அதே காய்ச்சலோடு அதே கப்பலில் படுத்த, மாமன் இல்லாத பையன்களின் கதி என்ன என்ற கேள்வியை அவர் விடை சொல்லாமல் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். நடையின் மையமாக நான் எடுத்துக்கொண்டதும் இந்தக் கேள்வியைத்தான்: நோயிலிருந்து எழுவது உடலின் வேலை, நோய்க்குப் பின் பதவிக்குத் திரும்புவது பெரும்பாலும் பிறரின் தயவு.

அங்கிருந்து புனித மரியாள் ஆலயத்துக்குச் செல்லும் வழியில், நெல்சனின் பிற்கால நோய்ப் பட்டியலை ஓட்டமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டமாகச் சொல்லக் கூடாத இடம் ஒன்று அதில் உண்டு. அங்கே அவரும் நின்றுதான் சொன்னார். 1780இல் நிகரகுவாவின் சான் ஹுவான் ஆற்றில் ஏறிச் சென்ற படையோடு போன நெல்சன், சீதபேதியும் காய்ச்சலுமாகச் சாகக் கிடந்தார். வேறொரு கப்பலுக்குத் தலைமை ஏற்குமாறு வந்த உத்தரவால்தான் அங்கிருந்து மீண்டார். அவருடைய ‘ஹின்சின்புரூக்’ கப்பலின் 200 பேரில் 145 பேர் புதைக்கப்பட்டதாகவும், பிழைத்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள் என்றும் அவரே எழுதினார். ஜமைக்காவில் அவரைப் பேணியவர், அடிமை நிலையிலிருந்து விடுபட்ட கியூபா கார்ன்வாலிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. அவருடைய மூலிகைச் சிகிச்சைக்கு மாலுமிகளிடையே பெரும் பெயர் இருந்தது. அதன் பின்னும் கைகால்கள் சரிவர இயங்காமல் இங்கிலாந்தின் பாத் நகரில் மாதக்கணக்கில் கிடந்தார் நெல்சன். 1782இல் கனடாப் பகுதியில் ஸ்கர்வி, அதாவது பழமும் காய்கறியும் இல்லாத உணவால் வரும் நோய். 1794இல் கோர்சிகா தீவில் கல்வி (Calvi) என்ற ஊரின் முற்றுகையில் மண்ணும் கல்லும் தெறித்து வலக்கண்ணில் பார்வை போனது. 1797 பிப்ரவரியில் வயிற்றில் அடி. அதே ஆண்டு ஜூலையில் டெனரீஃப் தீவில் வலக்கை போனது. 1798இல் நைல் சண்டையில் நெற்றி கிழிந்தது. போதாக்குறைக்கு, காற்று வலுத்தாலே கடல் குமட்டல். நாற்பத்தைந்து வயதிலும் அது தன்னை விடவில்லை என்று கடிதத்தில் புலம்பியிருக்கிறார். கூட வந்த பள்ளி மாணவன் ஒருவன், “ஆன்ட்டி, அவர் கண்ணுல கறுப்புத் துணி கட்டியிருப்பார்தானே?” என்று கேட்டான். “இல்லப்பா, அவர் ஒருநாளும் கட்டினதில்லை. கண் இருந்தது, பார்வைதான் போச்சு. சினிமாக்காரங்க கட்டிவிட்டது அது” என்று சிரித்தபடி சொன்னார்.

1680இல் திறக்கப்பட்ட புனித மரியாள் ஆலயத்தில், குண்டு துளைக்காத வளைவுக் கூரையையும் கிளைவின் திருமணப் பதிவையும் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். இந்த நடையில் ஆலயத்தின் வெளிப்புறத் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களுக்குத்தான் அதிக நேரம் தருகிறார்கள். அவை இன்றைய சட்டக் கல்லூரி வளாகத்தின் பக்கம் இருந்த பழைய இடுகாட்டைச் சேர்ந்தவை. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகளை மறைப்பாகப் பயன்படுத்தினார்கள் என்பதால், முற்றுகை முடிந்ததும் கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து பாவினார்கள். வயதைக் கவனித்து வாசிக்கச் சொன்னார் வழிகாட்டி. அதன் பிறகு யாரும் கல்வெட்டின் அழகைப் பற்றிப் பேசவில்லை. உள்ளே அமர்ந்து, 1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்த ஆளுநர் தாமஸ் மன்றோவின் உடல் நான்காண்டுகள் கழித்து இங்கே கொண்டுவரப்பட்ட கதையைச் சொன்னார். அவர் கடற்படைக்காரர் அல்லர் என்றாலும், நோய் பதவி பார்ப்பதில்லை என்பதற்கு அவரைத் தவிர்க்க முடியாதாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது சர் சாமுவேல் ஹூடின் கதை. டெனரீஃப் தாக்குதலிலும் நைல் சண்டையிலும் நெல்சனோடு இருந்தவர் ஹூட். 1806இல் அவரும் வலக்கையை இழந்தார். ஒரு கையோடு மேலும் எட்டாண்டுகள் பணியாற்றி, கிழக்கிந்தியக் கடற்படைத் தளபதியாக வந்த இடத்தில், 1814 டிசம்பர் 24 அன்று மதராஸில் காய்ச்சலால் இறந்தார். பீரங்கிக் குண்டு செய்ய முடியாததைக் காய்ச்சல் செய்து முடித்தது. நெல்சனின் கதையில் சென்னை ஓர் இளம் வயதுப் பக்கம் மட்டுமே. ஹூடின் கதையில் கடைசிப் பக்கம். அறிவிப்புப் பலகையில் நெல்சன் படத்தைப் போட்டால்தான் கூட்டம் வரும் என்பது புரிகிறது. ஆனால் இந்த ஊரோடு உண்மையாகவே பிணைந்தவர் என்று பார்த்தால், நடையின் தலைப்பு ஹூடுக்குப் போயிருக்க வேண்டும்.

கோட்டை அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் 1795இல் கட்டி முடிக்கப்பட்டது. வணிகர்களின் பரிவர்த்தனைக் கூடமாக இருந்த அதன் உச்சியில்தான் நகரின் முதல் கலங்கரை விளக்கம் 1796இல் எரிந்தது. அங்கே தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய கார்ன்வாலிஸ் பிரபுவின் பெருஞ்சிலை நிற்கிறது. பீடத்தில் திப்பு சுல்தானின் இரு மைந்தர்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி. எல்லா வழிகாட்டிகளும் அந்தக் காட்சியைக் காட்டுவார்கள். இவர் காட்டியது சிலையின் குடும்பத்தை. சிலையில் நிற்பவரின் தம்பி வில்லியம் கார்ன்வாலிஸ் கடற்படை அதிகாரி. ஜமைக்காவில் நெல்சனைப் பேணிய கியூபா, அவருடைய குடும்பப் பெயரையே தம் பெயராகக் கொண்டவர். குற்றுயிராகக் கிடந்த நெல்சனை 1780இன் இறுதியில் தம் ‘லயன்’ கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அந்த வில்லியம்தான். பின்னர் 1789 முதல் 1794 வரை கிழக்கிந்தியக் கடற்படைத் தளபதியாக நம் கரையில் இருந்தார். நிகரகுவாவின் சதுப்புநிலத்தையும் சென்னைக் கோட்டையின் பளிங்குச் சிலையையும் இணைக்க ஒரு தம்பி போதும் என்று காட்டிய அந்தச் சில நிமிடங்களில், அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே பலமுறை பார்த்த சிலையை முதல்முறை பார்ப்பது போல் பார்த்தேன். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியைக் காணவும் பத்து நிமிடம் தனியாக ஒதுக்குகிறார்கள். தலைப்புக்குத் தொடர்பில்லை என்று அதைத் தவிர்க்காதது நல்ல முடிவு.

ஸ்கர்வியைப் பற்றிய பகுதியை ஆயுதங்கள் வைத்திருக்கும் கூடத்தில் நின்றபடி சொன்னார். வாள்களையும் துப்பாக்கிகளையும் காட்டி, இவை கொன்றவர்களைவிடப் பழச்சாறு இல்லாமையால் இறந்த மாலுமிகள் அதிகம் என்றார். 1783 ஜூனில் கடலூருக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானோடு மோதிய எட்வர்ட் ஹியூஸின் கப்பற்படை, குடிநீர்த் தட்டுப்பாட்டாலும் ஸ்கர்வியாலும் தளர்ந்து மதராஸுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பதினோராண்டுகளுக்குப் பின், 1794 ஏப்ரலில், பீட்டர் ரெய்னியரின் ‘சஃபோக்’ கப்பல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, இடையில் எங்கும் நிற்காமல் இருபத்து மூன்று வாரங்கள் ஓடி இந்தியா வந்தது. மாலுமிகளின் அன்றாடச் சாராயப் பங்கில் சிறிதளவு எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்தார்கள். அத்தனை நீண்ட பயணத்தில் ஸ்கர்வி பெரிதாகத் தலைகாட்டவில்லை. அடுத்த ஆண்டே எலுமிச்சைச் சாறு கடற்படை முழுவதற்குமான பங்காக ஏற்கப்பட்டது. மருத்துவ வரலாற்றில் இத்தனை முக்கியமான பயணம் நம் கரையை நோக்கி வந்தது என்பது இந்த நகரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குழுவில் ஓய்வுபெற்ற இந்தியக் கடற்படை அதிகாரி ஒருவரும் இருந்தார். “இன்றைக்கு நெல்சன் இருந்திருந்தால் லோ மெடிக்கல் கேட்டகரியில் போட்டு, கரைப் பணிக்கு அனுப்பியிருப்பார்கள் மேடம். ஒரு கண், ஒரு கை, குடலிறக்கம், மலேரியா. கப்பலைக் கண்ணாலேயே காட்டமாட்டார்கள்” என்றார் அவர். மருத்துவத் தகுதி குறைந்தால் பதவி உயர்வும் கடற்பணியும் எப்படித் தள்ளிப்போகும் என்பதைத் தம் தோழர்களின் அனுபவத்திலிருந்து பெயர் சொல்லாமல் விவரித்தார். வழிகாட்டி அவரைப் பேசவிட்டு ஒதுங்கி நின்றது பாராட்டத்தக்கது. அவர் முடித்ததும், டிரஃபால்கரில் இறந்த நெல்சனின் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் பீட்டி, உள்ளுறுப்புகள் நாற்பத்தேழு வயதுக்காரருக்கு உரியவைபோல் இல்லாமல் ஓர் இளைஞனுடையவைபோல் நலமாக இருந்ததாக எழுதியதைச் சொன்னார். அத்தனை நோய்களுக்குப் பிறகும் அப்படியா என்று அந்த அதிகாரி வியந்தார். நெல்சன் தன் உடலைப் பற்றிக் கடிதங்களில் கொஞ்சம் கூட்டியே எழுதும் பழக்கமுள்ளவர் என்பது வழிகாட்டியின் கருத்து. இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இனி குறைகள். காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவிக்கு 500 ரூபாய் முன்பணம் வாங்குகிறார்கள். திருப்பித் தந்துவிடுகிறார்கள் என்றாலும், எனக்குக் கிடைத்த கருவி ஆலயத்துக்குள் நுழைந்ததும் இரைச்சலை மட்டுமே தந்தது. மாற்றுக் கருவி கைவசம் இல்லை. பதினைந்து பேருக்குக் கருவியே தேவையில்லை. அவருடைய குரலே போதும். அதைவிடப் பெரிய குறை, கையில் தரும் பதினாறு பக்கத் தமிழ்க் கையேடு. வழிகாட்டி எவ்வளவு கவனமாகப் பேசுகிறாரோ அவ்வளவு கவனக்குறைவாக அது எழுதப்பட்டிருக்கிறது. ‘நெல்சன் தம் வலக்கண்ணை இழந்தார்’ என்று ஒரு பக்கம், ‘சென்னையின் காய்ச்சலே நெல்சனை உருவாக்கியது’ என்று பின்னட்டை. அந்தக் காய்ச்சல் சென்னையில் பிடித்தது என்று சொல்ல ஆதாரம் ஏது? சீஹார்ஸ் அந்த இரண்டாண்டுகளில் இந்தியாவின் இரு கரைகளிலும் வணிகக் கப்பல்களுக்குத் துணையாக அலைந்துகொண்டிருந்தது. வீரனாவேன் என்ற உறுதி பிறந்ததாக அவர் சொன்னதும் ஊர் திரும்பும் பயணத்தோடு சேர்ந்த செய்தி. நம் ஊருக்குப் பெருமை சேர்க்க இல்லாததைச் சொல்ல வேண்டியதில்லை, இருப்பதே ஏராளம். வழிகாட்டியிடம் இதைக் கேட்டபோது, கையேட்டைத் தாம் எழுதவில்லை என்று சங்கடத்தோடு சொன்னார். அப்படியானால் அவரையே எழுத வைப்பதில் நிர்வாகத்துக்கு என்ன தடை?

நடையின் எல்லையும் எனக்குக் குறையாகவே பட்டது. கோட்டைக்கு வெளியே, சிறிது தொலைவில் பெரியமேட்டில், நேவல் ஹாஸ்பிடல் ரோடு என்ற சாலை இன்றும் இருக்கிறது. தோல் வணிகக் கடைகளின் நடுவே அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரில் உள்ள கடற்படை மருத்துவமனையை நினைக்கிறார்கள்? நோயை வைத்துக் கதை சொல்லும் ஒரு நடை அந்தச் சாலையைப் பெயரளவில்கூடத் தொடாதது விந்தை. அதேபோல், 1664இல் கோட்டைக்குள் சிறு மருத்துவமனையாகத் தொடங்கி, 1772இல் இப்போதுள்ள இடத்துக்குப் போன அரசு பொது மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சீஹார்ஸ் வருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன் நடந்த இடமாற்றம் அது. காலை வெயில் ஏறிவிடும், கால் வலிக்கும் என்பதெல்லாம் சரியான காரணங்கள். ஒரு வேன் ஏற்பாடு செய்து கட்டணத்தைக் கூட்டினாலும் கொடுக்க ஆள் உண்டு. படகோட்டிகளைப் பற்றியும் இன்னும் சொல்லியிருக்கலாம். நோயாளிகளைச் சுமந்து கரை சேர்த்த அந்த மீனவர்களுக்கு என்ன கூலி, அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள் என்று நான் கேட்டதற்கு, அடுத்த பருவத்தில் அதையும் சேர்க்கப் போவதாகச் சொன்னார்.

கடைசி நிறுத்தத்தில் நெல்சனோடு அதே சீஹார்ஸில் பணியாற்றிய தாமஸ் டிரௌபிரிட்ஜைக் கொண்டுவந்தார். அதே கரைகள், அதே கப்பல். ஆனால் காய்ச்சலால் ஊருக்கு அனுப்பப்பட்டவர் நெல்சன். டிரௌபிரிட்ஜ் படிப்படியாக உயர்ந்து, 1805இல் தளபதியாகக் கிழக்குக்கு வந்து, 1807 ஜனவரியில் ‘பிளென்ஹைம்’ என்ற பழுதடைந்த கப்பலில் மதராஸிலிருந்து புறப்பட்டார். புயலில் சிக்கிய அந்தக் கப்பல் கரை சேரவே இல்லை. நடையின் மிகக் கூர்மையான பகுதி இது. ஆனால் எல்லோரும் சிற்றுண்டியை எதிர்பார்த்து நிற்கும் நேரத்தில் ஐந்தே நிமிடத்தில் முடிந்துபோனது. சிற்றுண்டியும் காத்திருக்கத் தகுந்ததாக இல்லை: பொங்கல் ஆறிப்போய், வடை எண்ணெய் குடித்திருந்தது. கட்டணத்தில் அதையும் சேர்த்திருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருத்துவ மாணவர்களுக்கும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு வரும் பெற்றோருக்கும், கோட்டையை ஏற்கெனவே ஒருமுறை சுற்றிப் பார்த்தவர்களுக்கும் இந்த நடையைத் தயங்காமல் சொல்வேன். முதல்முறை கோட்டைக்கு வருபவர்கள் பொதுவான நடை ஒன்றை முடித்துவிட்டு வருவது நல்லது. இல்லாவிட்டால் கட்டடங்கள் மனத்தில் நிற்காமல் நோய்கள் மட்டும் நிற்கும். கை வெட்டும் விவரங்களை வழிகாட்டி மென்மையாகச் சொல்பவர் அல்லர் என்பதால் சிறு குழந்தைகளை அழைத்துவர வேண்டாம். சித்திரை, வைகாசி மாதங்களைத் தவிர்த்து மார்கழி, தை மாதங்களில் முன்பதிவு செய்யுங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் சனிக்கிழமை ஏற்பாடு வசதியானதே. அடையாள அட்டையின் அசலைக் கொண்டுவாருங்கள். வாயிலில் கைபேசிப் படத்தைக் காட்டிய இருவரை நிறுத்திவைத்ததில் எங்கள் குழு இருபது நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கியது.